சும்மா இருக்க வேண்டிய கால்

மாய்லிஸின் இடது கால் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சும்மா இருந்திருக்க வேண்டும். வேலை வலது காலுக்குத்தான். வாரத்தில் நான்கு நாள், சுகாதார நிலையத்தின் பின்னறையில் போட்டிருந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, வலது கணுக்காலை ஒரு கம்பியோடு வாரால் இறுக்கிக்கொண்டு, எதிரே இருந்த கனத்த சக்கரம் சுழலும்படி முன்னால் உதைக்க வேண்டும். முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் இடது கால் ஒரு முக்காலியின் மேல், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரனைப் போல நீட்டிக்கொண்டு கிடக்கும்.

ஆய்வின் சூட்சுமமே அதில்தான் இருந்தது. ஒருவரை உழைக்கவிட்டு இன்னொருவரை உட்காரவைத்து ஒப்பிட்டால், இவர் தின்றது வேறு, அவர் தூங்கியது வேறு, இருவரும் பிறந்த வயிறு வேறு என்று ஆயிரம் சந்தேகம் வரும். ஒரே ஆளின் இரண்டு கால்களை ஒப்பிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் ஒரே வாய் தின்ற உணவு, ஒரே இதயம் அனுப்பிய ரத்தம். வித்தியாசம் ஏதாவது தெரிந்தால் அது உழைப்பால் மட்டுமே வந்ததாக இருக்கும். அறுபதைத் தாண்டி, ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு உடம்பு, உழைப்புக்கு இன்னும் பதில் சொல்கிறதா? கேள்வி அவ்வளவுதான். மாய்லிஸுக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை எல்லைக்கோட்டில்தான் நின்றது. கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அக்டோபரில் கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரித் தொடக்கத்தில், கடற்கரை நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து தூவா வந்திருந்தாள். உள்நாட்டுச் சிற்றூர்களில் நடக்கும் இந்த ஆய்வை நடத்துகிறவள் அவள்தான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தெற்கே, பனி வந்த மறுநாளே மழை வந்து கரைத்துவிடும் பிரதேசத்தில் வளர்ந்தவள். போன தடவை இரண்டு தொடைகளையும் மரக்கவைத்து, தடித்த ஊசியால் அரிசிமணி அளவுக்குத் தசை எடுத்துப் போயிருந்தாள். அதன் படங்களைக் காட்டத்தான் மாய்லிஸைக் கணினியின் முன்னால் உட்காரவைத்தாள்.

திரையில் ஊதா நிறத்தில், தரையில் பதித்த ஓடுகளைப் போலத் தசை இழைகள் தெரிந்தன. ஓடுகளுக்கு நடுவே கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ரத்தம் ஓடுகிற மயிரிழைக் குழாய் என்றாள் தூவா. அக்டோபரில் எடுத்த வலது காலில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. புதிய படத்தில் ஒவ்வொரு இழையையும் சுற்றிப் புள்ளிகள் மொய்த்தன.

மாய்லிஸ் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். இத்தனை குழாயும் புதிதாக முளைத்ததா, இந்த வயதில் யாரிடம் கேட்டு முளைத்தது என்று கேட்டாள். உதைக்க உதைக்கத் தசைக்குள் மூச்சுமுட்டுகிறது, அந்தத் தவிப்பே உத்தரவாகிப் புதிய குழாய்கள் கிளைக்கின்றன என்று தூவா விளக்கினாள். சொல்லும்போது அவள் குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. அடுத்த படத்தைத் திறந்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அது இடது கால். அதிலும் புள்ளிகள் மொய்த்தன.

"இது மாறியிருக்கக் கூடாது, மாய்லிஸ். இது சும்மா இருந்த கால்."

"சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்களோ என்னவோ."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். மூணு தடவை பாத்துட்டேன்." தூவா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "நான் தப்பா கேக்கல. ஒரு பக்கம் மட்டும் பலமாகறது ஒரு மாதிரியா இருக்குன்னு சிலர் வீட்டுல இன்னொரு காலுக்கும் பயிற்சி குடுத்துடறாங்க. வேற ஊர்ல ஒருத்தர் அப்படிப் பண்ணிட்டார். சொல்லிட்டா ஒண்ணுமே இல்ல."

"நான் பண்ணல."

"கொஞ்சங்கூட?"

"பண்ணலன்னு சொன்னேனே."

தூவா தலையாட்டினாள். "உங்களை நம்பறேன். ஆனா கால் வேற சொல்லுதே."

தூவா குரலை உயர்த்தியிருந்தால் மாய்லிஸ் பதிலுக்கு உயர்த்தியிருப்பாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளக் குழந்தைக்கு வழி செய்து கொடுப்பதுபோல அத்தனை கனிவாகக் கேட்டதுதான் அவளைச் சுட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தேர்தல் நடக்கும்போதெல்லாம் வாக்குச்சாவடிக்குத் தலைமை அவள்தான். எதிரும் புதிருமான கட்சிக்காரர்கள்கூடப் பெட்டியை அவள் பக்கத்தில் விட்டுவிட்டுச் சேர்ந்து காபி குடிக்கப் போவார்கள். மாய்லிஸ் இருக்கிறாள் என்பதே அங்கே பூட்டு. இப்போது அவளுடைய தொடையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு திரையில் நின்றது.

மாதக் கடைசியில் மறுபடி வருவதாகவும், அதற்குள் விளக்கம் ஏதும் கிடைக்காவிட்டால் அவளை ஆய்விலிருந்து நீக்க வேண்டியிருக்கும் என்றும் தூவா சொன்னாள். என்னவென்று சொல்லி நீக்குவீர்கள் என்று மாய்லிஸ் கேட்டாள். விதிமுறையைப் பின்பற்றாதவர் என்று, என்றாள் தூவா, தரையைப் பார்த்துக்கொண்டே.

வெளியே வந்து கையுறையை மாட்டி, பையை உதைவண்டியின் இருக்கையில் வைத்து, ஏரிக்கரைச் சாலையில் வீட்டைப் பார்த்துக் கிளம்பினாள். கோபம் வந்தால் அவளுக்கு வேகமும் வரும். அன்றைக்குத் தேவாலய மேட்டில்கூட எங்கும் நிற்கவில்லை.

ஏவர்ட் சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தான். நாற்பது வருஷம் மரலாரி ஓட்டி ஓய்ந்தவன். எதையும் அவசரமாகக் கேட்டுக்கொள்ள மாட்டான். முழுக் கதையும் முடியும்வரை துருவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குத் தெரியும் கிழவி. ராத்திரி தூக்கத்துல என்னை உதைக்கிறியே, அதான் பயிற்சி."

"எந்தக் கால்ல உதைக்கிறேன்?"

"அதைத் திரும்பிப் பாக்கற அளவுக்கு எனக்கு எப்பவும் தைரியம் வந்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. அவனும் அதற்குமேல் விளையாடவில்லை. சற்றுப் பொறுத்து, கிறிஸ்துமஸ் சமயத்திலேயே தனக்கு ஒன்று தோன்றியதாகச் சொன்னான். முன்பெல்லாம் கம்பளிக் காலுறை போட அவள் கட்டிலில் உட்காருவாள், இல்லை சுவரைப் பிடிப்பாள். இப்போது நடுக்கூடத்தில் இடது காலில் நின்றுகொண்டே வலது காலுக்குப் போட்டுவிடுகிறாள். நாரை மாதிரி.

மாய்லிஸ் அந்த இடத்திலேயே செய்து பார்த்தாள். உண்மைதான். உடம்பு அசையவில்லை. தொடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இரண்டு தொடையும் ஒன்றுபோலத்தான் விரலை எதிர்த்தன.

வலது கால் மாறிய கதை அவளுக்குத் தெரியும். அதை நாள்தோறும் உள்ளேயிருந்து பார்த்திருந்தாள். முதல் வாரங்களில் பத்து நிமிஷத்திலேயே தொடைக்குள் தணல் அள்ளிப் போட்டதுபோல எரியும். ஒரு கால்தான் உழைக்கிறது என்று நெஞ்சுக்குத் தெரியாதோ என்னும்படி மூச்சு வாங்கும். இறங்கினால் முழங்கால் ஜெல்லிபோல ஆடும். நவம்பர் கடைசியில் ஒருநாள் சக்கரம் லேசாக ஓடியது. மெஷினுக்கு எண்ணெய் போட்டாயா என்று தாதியான சீவிடம் கேட்டாள். சீவ் எடைக்கட்டையைக் காட்டினாள்: அதே எடை, அதே இறுக்கம். சக்கரம் மாறவில்லை, கால்தான் மாறியிருந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தனக்குள் யாரோ வேலையாட்கள் இருந்துகொண்டு, தான் தூங்கும்போது சுவரை இடித்துக் கட்டுகிறார்கள் என்பதுபோல.

இடது காலுக்கும் அதே ஆட்கள் வந்திருக்கிறார்கள். யார் கூப்பிட்டு?

மறுநாளிலிருந்து அவள் தன் இடது காலைத் தானே வேவு பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது? வலது பக்கம். நிலவறைப் படியில் முதலில் ஏறுவது எது? வலது. நீராவி அறையின் மேல்பலகைக்கு ஏறும்போது? அதுவும் வலது. இடது கால் எல்லா இடத்திலும் பின்னால்தான் வந்தது, சோம்பேறித் தம்பியைப் போல. ஏவர்ட்டும் காபிக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே அலைந்து, இப்ப வலது, இப்பவும் வலது என்று அறிவித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் அவனை வெளியே பனி தள்ள அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பொறி தட்டியது. அவர்களுடைய பழைய காரில் கிளட்சை மிதிப்பது இடது கால். தூவாவுக்குத் தொலைபேசினாள். தூவா பொறுமையாகக் கேட்டாள். எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்றாள். குளிர்காலத்தில் கார் பெரும்பாலும் கொட்டகையில்தான் என்று மாய்லிஸ் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியே தினமும் ஓட்டினாலும் கிளட்ச் மிதித்தெல்லாம் ரத்தக்குழாய் முளைக்காது என்றாள் தூவா. முளைக்கும் என்றால் ஊரில் இருக்கிற டாக்ஸிக்காரர்களுக்கெல்லாம் ஒரு கால் மட்டும் ஓட்டப்பந்தய வீரன் காலாக இருக்கும்.

வலது காலின் பலம் இடது காலுக்குக் கசிந்திருக்குமோ என்றும் கேட்டாள். நல்ல கேள்வி என்றாள் தூவா. குரலில் பழைய உற்சாகம் எட்டிப் பார்த்தது. பலம் கொஞ்சம் கசியும். ஒரு காலைப் பழக்கினால் மூளையும் நரம்பும் கற்றுக்கொள்கின்றன, அந்தப் பாடம் மறுகாலுக்கும் போகும். ஆனால் குழாய்கள் அப்படி இல்லை. தசைக்குள் சர்க்கரையை எரிக்கிற அடுப்புகளும் அப்படி இல்லை. எந்தத் தசை தவித்ததோ அங்கேதான் அவை பெருகும். அடுத்த வீட்டுக்காரன் பசிக்கு இந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.

"அப்ப என் இடது கால் தவிச்சிருக்கு."

"நல்லாவே தவிச்சிருக்கு. வாரத்துல பல நாள், பல மாசம்."

"எனக்குத் தெரியாமலா?"

மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று சொல்லி தூவா ஃபோனை வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மாய்லிஸுக்குப் புரிந்தது.

அன்றிரவு ஏவர்ட்டிடம் சொன்னாள்: "நான் பொய் சொல்லல. காலும் பொய் சொல்லாது. நடுவுல எங்கயோ ஏதோ இருக்கு. எனக்குத்தான் தெரியல."

மூச்சை உதட்டிடுக்கில் உள்ளே இழுத்து, ஏவர்ட் "ஷுப்" என்றான். வடக்கே ஆமாம் என்பதற்கு அதற்குமேல் யாரும் செலவழிப்பதில்லை.

மறுநாள் காலை அவள் மறுபடி தூவாவை அழைத்தாள். இந்தத் தடவை விளக்கம் எதுவும் கைவசம் இல்லை. மாதக் கடைசியில் வரும்போது ஒருநாள் தன் வீட்டில் வந்து இருக்கும்படி கேட்டாள். நான் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறேன் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். என் கண் அறுபத்தாறு வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து எதையும் பார்ப்பதில்லை. தூவா தயங்கினாள். ஆய்வில் இருப்பவர் வீட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. கடைசியில், பயிற்சி நாளாகப் பார்த்து வருகிறேன், முடிந்ததும் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

அந்த நாள் வெயிலாக இருந்தது. வாரக்கணக்காகக் காணாமல் போயிருந்த சூரியன் காடுகளுக்கு மேலே ஒரு முழம் எழும்பி, ஏரிப் பனியில் கண் கூசும்படி விழுந்தது. சாலையைப் பனி தள்ளும் கலப்பை வண்டி சுரண்டிவிட்டுப் போயிருந்தது. வழுக்காமல் இருக்கத் தூவும் மண்ணை இன்னும் போடவில்லை. தூவா பேருந்தில் வந்திருந்தாள். மாய்லிஸ் தன் முக்கால் மணி நேரத்தை உதைத்து முடித்தாள். தூவாவும் சீவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கால் முக்காலியில் அசையாமல் கிடந்தது.

வெளியே வந்ததும் தூவா இங்கே டாக்ஸி கிடைக்குமா என்று கேட்டாள்.

"மூணு கிலோமீட்டருக்கு டாக்ஸியா? உக்காருங்க."

உதைவண்டி வாசல் கம்பியில் சாய்ந்து நின்றது. மரப்பட்டை இருக்கையுள்ள ஒரு நாற்காலி, அதன் முதுகில் கைப்பிடி, கீழேயிருந்து பின்னால் ஓர் ஆள் நீளத்துக்கு ஓடும் இரண்டு எஃகுப் பட்டைகள். பின்னால் நிற்பவர் ஒரு காலைப் பட்டையில் ஊன்றி மறுகாலால் தரையை உதைத்தால், பனியில் வழுக்கிக்கொண்டு ஓடும். கடைவாசல்களில் இவை வரிசையாக நிற்பதைத் தூவா பார்த்திருக்கிறாள். வயதானவர்கள் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு துணை என்றுதான், ஊன்றுகோல் வகையில் அதைச் சேர்த்து வைத்திருந்தாளாம். பிற்பாடு அவளே சொன்னது.

"நீங்க தள்ள நான் உக்கார்றதா? நல்லா இருக்காது."

"நீங்க நடந்தா இருட்டிடும்."

தூவா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாய்லிஸ் வலது காலைப் பட்டையில் ஊன்றிக் கிளம்பினாள். எஃகு பனியில் சீறியது. ஆள் கனம் இருந்ததால் முதல் சில உதைகள் கடினமாக இருந்தன. அப்புறம் வண்டி தன் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கிறவர்களைக் காட்டினாள். எந்த வீட்டு நாய் துரத்தும், எது குரைப்பதோடு சரி என்று சொன்னாள். தேர்தலன்று பனிப்புயலில் வாக்குப்பெட்டி காத்திருந்த கதையையும் தொடங்கினாள். தேவாலய மேடு வந்தது. உதை சிறிதாகி அடுக்கடுக்காக விழுந்தது. கதை நிற்கவில்லை.

முன்னால் தூவாவின் பின்னலாடைத் தொப்பி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அது இடமும் வலமும் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. மேட்டின் பாதியில் திரும்புவதை நிறுத்தியது. ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து, எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. நாய் வருகிறதோ என்று மாய்லிஸ் பின்னால் பார்த்தாள். நாய் இல்லை.

"மாய்லிஸ், எந்தக் கால்ல உதைக்கிறீங்க?"

"இடது கால்ல."

"மாத்தவே மாட்டீங்களா? ஏறினதுலேருந்து சத்தம் ஒரே பக்கத்துலேருந்து வருது."

"மாத்தாம என்ன? எல்லாரும் மாத்துவாங்க. இது ஓய்ஞ்சா அது. இந்த வருஷம்தான் மாத்தறதில்ல."

"ஏன்?"

"வலது கால் உங்களுக்கில்லையா? மெஷினுக்கு அதைக் களைப்பில்லாம கொண்டுபோய்ச் சேக்கணும். திரும்பி வர்றப்ப அது உழைச்சு முடிச்சிருக்கு, பாவம். அதைப் போட்டு வதைக்கலாமா? அதான் போக வர இதையே..."

சொல்லிக்கொண்டே வந்தவளின் கால் காற்றில் நின்றது. வண்டி சற்று ஓடி, மேடு ஆனதால் தானாகவே நின்றது. பின்னால் சரியாமல் குதிகாலை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

தூவா இருக்கையில் திரும்பி, கைப்பிடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். இருவர் மூச்சும் வெள்ளையாக எழுந்தது. தூவாவின் மூச்சு குளிரில் சிறு சிறு துண்டுகளாக வந்தது. மாய்லிஸின் மூச்சு நீளமாக, ஒழுங்காக வந்தது.

"தினமுமா?"

"மெஷினுக்கு நாலு நாள். கடைக்கு, நூலகத்துக்கு, எங்க அக்கா வீட்டுக்கு. தினமும்தான்."

"அக்டோபர்ல உடற்பயிற்சி ஏதாவது செய்வீங்களான்னு கேட்டேன். இல்லன்னீங்க."

"இல்லதானே. நான் எங்க உடற்பயிற்சி செய்யறேன்? கடைக்குப் போறேன், வர்றேன்."

"நடந்து போவீங்கன்னு நினைச்சுட்டேன்."

"பனில யார் நடப்பா?"

அக்டோபரில் பனி இல்லை. கேட்டவள் பிறந்த ஊரில் அது வந்தாலும் தங்குவதில்லை. பதில் சொன்னவளுக்கோ, எப்படிக் கடைக்குப் போகிறாய் என்பது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. மூச்சு விடுகிறாயா என்று யாராவது கேட்டால்தானே விடுகிறேன் என்று சொல்லத் தோன்றும். வழக்கமான வாழ்க்கையை மாற்றாதீர்கள் என்று தூவா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மாய்லிஸ் மாற்றவில்லை. ஆய்வுக்கு விசுவாசமாக இருக்க நினைத்து ஒன்றே ஒன்றைத்தான் செய்தாள்: வலது காலைக் காப்பாற்றினாள். அந்த விசுவாசம் எவ்வளவு கூடியதோ, சும்மா இருக்க வேண்டிய கால் அவ்வளவு உழைத்திருக்கிறது.

தூவா இறங்கினாள். நான் உதைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மாய்லிஸ் இருக்கையில் உட்கார்ந்து தூவாவின் பையை மடியில் வாங்கிக்கொண்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, கோணலாக ஓடி, பனிச்சுவரில் மூக்கை இடித்தது. மறுபடி கிளம்பியது. ஐந்தாறு வீடு தாண்டுவதற்குள் பின்னால் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே வண்டி நின்றுவிட்டது. தூவா கையுறையைக் கழற்றி, கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எவ்வளவு?"

"சொல்ல மாட்டேன்."

"எங்க ஊர்ல ஒரு நல்ல மெஷின் இருக்கு. பேரைக் குடுத்து வைங்க. வயசு வரம்புதான் கொஞ்சம் இடிக்கும்."

தூவா சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் குனிந்து தன் தொடையைத் தட்டிப் பார்த்தாள். ஊன்றி நின்ற காலும் சும்மா இல்லை என்றாள்; ஒவ்வொரு உதைக்கும் முழங்கால் மடங்கி உடம்பையெல்லாம் தாங்குகிறது, இப்போது அதுதான் அதிகம் எரிகிறது. அப்படியானால் வலது காலுக்கும் மெஷின் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எந்தக் காலில் எதை மெஷின் செய்தது, எதைச் சாலை செய்தது? தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்று சொல்லும்போதுதான் அவள் கண்ணில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம் இருந்ததாக மாய்லிஸுக்குப் பட்டது.

வீட்டு வாசலில் ஏவர்ட் பனி தள்ளிக்கொண்டிருந்தான். தன் மனைவி ராணிபோல உட்கார்ந்திருக்க, பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் தடுமாறும் கால்களோடு தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தும் முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"தெற்கத்திக் குதிரை கிடைச்சுதா, கிழவி? தீவனம் நிறைய வேணுமே."

உள்ளே போனதும் காபி வைத்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி கோப்பைக்குள் பாற்கட்டித் துண்டுகளைப் போட்டு மேலே காபியை ஊற்றினான். தூவா மேலங்கியைக்கூடக் கழற்றாமல், தன் பேராசிரியரை அழைத்தாள். சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து பேசினாள். மாய்லிஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். கையில் எடுத்த கரண்டி கையிலேயே இருந்தது.

உதைவண்டி என்றால் என்ன என்று மறுமுனையில் கேட்டார்களோ என்னவோ, தூவா கொஞ்ச நேரம் நாற்காலியையும் பட்டைகளையும் விளக்கினாள். பிறகு எந்தக் கால், எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்று சொன்னாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள். "இல்ல, அவங்க சொன்னது நிஜம். அவங்க எந்தப் பயிற்சியும் பண்ணல."

மாய்லிஸ் திரும்பினாள்.

"அது சரியில்ல."

தூவா ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பண்ணலன்னு சொல்லாதீங்க. பண்ணியிருக்கேன். தினமும் பண்ணியிருக்கேன். இல்லன்னு உங்ககிட்ட சொன்னது தப்பு. தெரியாம சொன்ன தப்பு. அதை அப்படியே சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா உங்களை ஆய்வுலேருந்து எடுத்துடுவாங்க, மாய்லிஸ்."

"எடுக்கட்டும். கால் சும்மா இல்லையே. சும்மா இருந்ததா வெச்சுக் கணக்குப் போட்டா அது யாருக்கு என்ன பிரயோஜனம்?"

 தூவா ஃபோனிலிருந்து கையை எடுத்துவிட்டு, மாய்லிஸ் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். தெரியாம என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னாள். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, சரி, சரி என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

உங்களை எடுத்துவிடச் சொல்கிறார் என்றாள். விதிமுறையைப் பின்பற்றாதவர் என்று அல்ல. எங்களுடைய கேள்வி போதாமல் போனதால் என்று. கட்டுரையில் அப்படியே எழுதப் போகிறோம். பேராசிரியர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்கிறேன். இதையெல்லாம் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே சொன்னாள். மாய்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மேஜைக்கு வந்து உட்கார்ந்து, சர்க்கரை பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்டாள். நன்றாக இறங்கியிருக்கிறது என்றாள் தூவா. யார் இறக்கினார்கள் என்றுதான் இனிமேல் சொல்ல முடியாது.

ஏவர்ட் இரண்டாம் சுற்றுக் காபி ஊற்றினான்.

"இந்த ஆய்வுல இந்தப் பக்கத்து ஆளுங்க இன்னும் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. அஞ்சு ஊர்ல."

"அவங்க எல்லாம் கடைக்குப் பறந்தா போறாங்க?"

தூவாவின் கை கோப்பையில் அப்படியே நின்றது. மெதுவாக ஃபோனை எடுத்தாள். பெயர்களைத் தேடினாள். ஆற்றங்கரை ஊரில் சிக்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர், மிக ஒழுங்கான மனிதர். அவருடைய இடது காலின் படமும் அவளுக்குக் கொஞ்சம் விளங்காமல்தான் இருந்ததாம். வீட்டில் உதைவண்டி இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன் என்று எண்ணை அழுத்தப் போனாள்.

மாய்லிஸ் அவள் மணிக்கட்டில் கையை வைத்தாள்.

"அப்படிக் கேக்காதீங்க. கேட்டா, இருக்குன்னு மட்டும்தான் சொல்வார். இன்னைக்கு ரொட்டி வாங்க எப்படிப் போனீங்கன்னு கேளுங்க. வாசல்லேருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு அடியா."

தூவா எண்ணை அழுத்தினாள்; மறுமுனையில் மணி அடித்தது. ஃபோனை மேஜை நடுவில் வைத்து, மூவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.